இல்லாத குமுதாவுக்குப் பத்தொன்பது மதிப்பெண்

பதினெட்டு வயதில் ஓய்வு பெற்றவள் நான். சிரிக்காதீர்கள். நம் கணக்குப் போட்டியில், பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த அன்றோடு எல்லோருக்கும் ஓய்வுதான். அதற்குப் பிறகு கேள்வி எடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது. போட்டி நடக்கும் அன்று பள்ளிக்கூட வாசலில் நின்று வேண்டுமானால் கை தட்டலாம். இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே நான் நேற்று வந்த சின்னப் பெண். உங்களுக்கு மட்டும்தான் நான் கிழவி.

போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்தீர்கள். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். "அக்கா, பழைய நோட்டுல சோதனைத் தாள்னு ஒண்ணு எழுதியிருக்கு. சூப்பர் ஐடியாவா கீதே, ஏன் நிறுத்திட்டீங்க? திரும்பக் கொண்டு வரலாமா?" என்று கேட்டீர்கள். "வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபம் வந்திருக்கும். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்கிறவர்களை எனக்கும் சுத்தமாகப் பிடிக்காது. அதனால்தான் எழுதுகிறேன். நியாயமாக மேடை ஏறியிருக்க வேண்டிய ஒரு பிள்ளையின் எண்ணை நான் என் கையால் சிவப்பு மையில் அடித்தேன். அது எப்படி நடந்தது என்பதைச் சொன்னால், வேண்டாம் என்றது ஏன் என்று உங்களுக்கே புரியும்.

போன மாதம்தான் குழுவில் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள், பள்ளிக்கு ஐந்து பேர் என்று வருவார்கள். காலையில் இருபத்தைந்து கேள்வி, விடை மட்டும் எழுத வேண்டும். மதியத்துக்குள் திருத்தி, முதல் எட்டுப் பேரை மேடைக்குக் கூப்பிட்டு இறுதிச் சுற்று. அந்த எட்டுப் பேரும் பொங்கல் முடிந்த வாரம் சென்னையில் ஒரு கல்லூரியில் ஐந்து நாள் கணக்கு முகாமுக்குப் போவார்கள். மற்றவர்களுக்குச் சான்றிதழும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும். மேடையில் யார் முதலில் வந்தார்கள் என்பதெல்லாம் மறுநாளே மறந்துபோகும். அந்த ஐந்து நாள் மறக்காது. நான் பத்தாவதில் போயிருக்கிறேன். கணக்கைப் பற்றிப் பேசினால் யாரும் கேலி செய்யாத ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. நம் பக்கத்துப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் கிடையாது.

எல்லா வேலையும் மாணவர்களுடையது. பொறுப்பாசிரியர் வராந்தாவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். திருத்தும் அறைக்குள் வர மாட்டார். உங்களுக்கும் அப்படித்தான் என்று நம்புகிறேன். உள்ளே வந்தால் மரியாதையாக வெளியே அனுப்பிவிடுங்கள்.

இனி சோதனைத் தாள். எங்களுக்கும் சில வருடங்கள் முன்னால் இருந்த ஒரு மாணவரின் அப்பா, கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அங்கே நல்ல பாகங்களுக்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு கெட்ட பாகத்தை நுழைத்துவிடுவார்களாம். பரிசோதிக்கிறவர் அதைப் பிடிக்கிறாரா என்று பார்ப்பதற்கு. மகன் அதைக் கேட்டுவிட்டு வந்து நம் போட்டியில் வைத்தார். இல்லாத ஒரு போட்டியாளரைப் பதிவு செய்வது. திருத்தத் தலைமையில் இருப்பவர் அந்தப் பெயரில் ஒரு விடைத்தாளை முன்கூட்டியே வீட்டில் எழுதி, எத்தனை சரி, எத்தனை தப்பு என்று குறித்து வைத்துக்கொள்வது. போட்டி அன்று அதை விடைத்தாள் கட்டுக்குள் நுழைப்பது. திருத்தி வரும் மதிப்பெண் தான் எழுதியதோடு ஒத்துப்போனால் திருத்தம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். பட்டியல் எழுதும் முன் அந்த எண்ணை அடித்துவிட வேண்டும்.

இது மூன்று பேருக்குத்தான் தெரியும். திருத்தத் தலைமை, ஆறாவது அறையில் கண்காணிப்புக்கு நிற்பவர், வராந்தாவில் சார்.

அந்த இல்லாத போட்டியாளருக்கு யாரோ குமுதா என்று பெயர் வைத்திருந்தார்கள். எண் 180. ஆறாவது அறையில் கடைசி வரிசை, ஜன்னல் ஓரத்து நாற்காலி. தனித்தேர்வர் என்று பதிவு. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு தெரு பெயர் போட்டு ஒரு முகவரி. அப்படி ஒரு தெருவே கிடையாது. ஒவ்வொரு வருடமும் அந்த நாற்காலியில் எண் ஒட்டி, கேள்வித்தாள் வைத்து, வருகைப் பதிவில் டிக் போடுவார்கள். குமுதாவுக்கு மட்டும் வயதே ஏறாது. வருடா வருடம் ஒன்பதாவதுதான்.

எனக்கு முந்தைய வருடம் திருத்தத் தலைமையில் இருந்த அக்கா, எனக்குப் பொறுப்பைக் கொடுத்த அன்று இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, திருத்தும் அறையின் சட்டம். "தாளப் பாரு, ஆளப் பாக்காத." இரண்டாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு வருடம் எவரோ கவனமில்லாமல் குமுதா பெயருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் அடித்துத் தபாலில் அனுப்பிவிட்டார்களாம். நிஜமான முகவரிக்கு அனுப்பியதே பாதி திரும்பி வரும். அது திரும்பி வரவில்லை.

"யாரு வாங்கியிருப்பாங்க?" என்று கேட்டேன்.

"அதாண்டி தெர்ல," என்றார்.

ஆறாவது அறையில் நின்றவர்களிடம் வேறு கதைகள் இருந்தன. ஒருவர், பத்து நிமிடம்தான் இருக்கிறது என்று அறிவித்துவிட்டு வழக்கம்போலத் தலையை எண்ணியிருக்கிறார். முப்பது வந்திருக்கிறது. குமுதா நாற்காலி காலி, இருபத்தொன்பதுதான் வர வேண்டும். திரும்ப எண்ணினார். முப்பது. மூன்றாம் தடவை இருபத்தொன்பது. நான்காவது தடவை அவர் எண்ணவில்லை. கணக்குப் படிக்கிற பிள்ளைகள் இதையெல்லாம் நம்புவார்களா என்று கேட்காதீர்கள். நாங்கள்தான் அதிகம் நம்புவோம். எண்ணிக்கை தப்பினால் மற்றவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்குத் தூக்கம் வராது.

என் வருடத்துக்கு வருகிறேன். போட்டி அன்று காலை சரியான மார்கழிப் பனி. ஒன்பது மணிக்கும் மைதானத்தின் அந்தப் பக்கம் தெரியவில்லை. ரோட்டில் கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. பனிக்குள்ளிருந்து பிள்ளைகள் ஐந்து ஐந்து பேராக முளைத்து வந்தார்கள். ஆறாவது அறைக்கு வெளியே கருவேல மரங்கள், அதற்கு அப்பால் ஒரு கம்பெனிச் சுவர். அன்று மரமும் இல்லை, சுவரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளைதான் இருந்தது.

ஆறாவது அறையில் நிற்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். எட்டு மணிக்குத்தான் தகவல் வந்தது. பிளஸ் ஒன் படிக்கும் ஜாஸ்மினைப் பிடித்து, "ஆறாவது ரூம் நீ போ" என்று கேள்வித்தாள் கட்டைக் கையில் திணித்தேன். குமுதா விஷயத்தைச் சொல்லவில்லை. ரவுண்ட்ஸ் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் இரண்டாவது அறையில் கேள்வித்தாளில் ஒரு பக்கம் இல்லை என்று ஓடி வந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். சொன்னேனா, மறந்தேனா என்ற நினைப்பே அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

பதினொன்றரைக்கு விடைத்தாள் கட்டுகள் வந்தன. ஆறாவது அறைக் கட்டின் உறையில் முப்பது என்று எழுதியிருந்தது. உள்ளே எண்ணினேன். முப்பது. சரியாக இருந்தது. கவனித்துப் படியுங்கள், இதுதான் நம்மைப் போன்றவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. வழக்கமாக உறையில் முப்பது இருக்கும், உள்ளே இருபத்தொன்பது இருக்கும், முப்பதாவதை நான்தான் நுழைக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை இடித்தால்தான் நமக்கு மணி அடிக்கும். இடிக்கவில்லை. அப்படியானால் ஓட்டத்தில் நானே என் தாளை நுழைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று முடிவு செய்து கட்டைத் திருத்தக் கொடுத்துவிட்டேன்.

நம் வழக்கப்படி ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தினார்கள். பன்னிரண்டே காலுக்கு மதிப்பெண் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. முதலில் 180ஐத்தான் பார்த்தேன். பத்தொன்பது. இரண்டாமவர் போட்டதும் பத்தொன்பது. நான் குமுதாவுக்கு எழுதி வைத்தது பதினொன்று.

முதலில் வந்தது தொழில் பயம்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி எட்டு மதிப்பெண் தவறியிருந்தால் மற்ற தாள்களின் கதி என்ன? எல்லாவற்றையும் மறுபடி திருத்த வேண்டுமா? ஒன்றரைக்குப் பட்டியல் ஒட்ட வேண்டும். தாளை உருவி எடுத்தேன்.

என் கையெழுத்து இல்லை.

எண்கள் சின்னச் சின்னதாக, நெட்டுக்குத்தலாக இருந்தன. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. நான் அப்படிப் போட மாட்டேன், எங்கள் குழுவில் யாருமே போட மாட்டார்கள். மேலே அச்சடித்த பெயர் குமுதா, எண் 180. பின்பக்கம் ரஃப் வேலை. எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, ஒன்று விட்டு ஒன்று பென்சிலால் கறுப்பாக்கியிருந்தது.

என் பைக்குள் கையை விட்டேன். லாகரிதம் புத்தகத்துக்குள் நான் வீட்டில் எழுதிய தாள் மடித்தது மடித்தபடி இருந்தது. இப்போது என் கையில் இரண்டு குமுதாக்கள்.

ஜாஸ்மினைக் கூப்பிட்டு அறைக்கு வெளியே நிறுத்தினேன்.

"ஒன் எய்ட்டி யாரு?"

"குமுதாக்கா."

"வந்தாளா?"

"வந்துச்சேக்கா. மொதல்ல காணோம். மூணு வாட்டி பேரு கூப்ட்டேன். அப்பறம் திரும்பிப் பாத்தா வாசல்ல நின்னுகினு கீது."

"எப்படி இருந்தா?"

"பச்ச சுடிதார். யூனிபார்ம் இல்ல. குமுதாவான்னு கேட்டேன், தலையாட்டுச்சு. பேசவே இல்லக்கா. நான் சேரக் கூட காட்டல, அதுவா நேராப் போயி ஜன்னல்கிட்ட உக்காந்துச்சு. இன்னாக்கா, இன்னா ஆச்சு?"

"எழுதி முடிச்சப்பறம்?"

யோசித்தாள். "பேப்பர் வாங்கச் சொல்ல இருந்துச்சு. அப்பறம் பாக்கல. பனி வேற, வெளிய ஒண்ணுமே தெர்ல."

நான் குமுதா யார் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஜாஸ்மின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "ஏசப்பா, நான் அதுகிட்ட எக்ஸ்ட்ரா பேப்பர் வேணுமான்னு கேட்டேன்க்கா," என்றாள்.

கேள்விகளுக்குத் தலைமை தினேஷ், என் வகுப்புப் பையன். பயப்படாத ஆள், அதனால் அவனிடம் குமுதா விஷயத்தைச் சொல்லித் தாளைக் காட்டினேன். அவன் நேராக இருபத்தைந்தாவது கேள்விக்குப் போனான். அது அவனுடைய செல்லக் கேள்வி. எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்ட தரை. எதிரெதிர் மூலையில் இரண்டு கட்டங்களில் தூண் நிற்கிறது. இரண்டு கட்ட அளவுள்ள டைல்களை உடைக்காமல் அதிகபட்சம் எத்தனை பதிக்கலாம்? அறுபத்து நான்கில் இரண்டு போக அறுபத்திரண்டு, அதில் பாதி முப்பத்தொன்று என்று எல்லோரும் எழுதுவார்கள். தப்பு. கட்டங்களை ஒன்று விட்டு ஒன்று கறுப்பாக்கினால், தூண் நிற்கும் மூலை இரண்டும் ஒரே நிறம். ஒவ்வொரு டைலும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளையை மூடும். ஒரு நிறத்தில் முப்பதுதான் மிச்சம், அதனால் முப்பது டைலுக்கு மேல் போகாது. யாராவது இதைப் போட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று தினேஷ் சபதம் செய்திருந்தான். அப்போது அவனுக்கு மீசை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

அந்தத் தாளில் முப்பது என்று எழுதியிருந்தது. மற்ற எல்லாத் தாளையும் புரட்டினோம். ஒரு தாளில் கூட முப்பது இல்லை.

"அருளு, இது உள் ஆளு வேல," என்றான் தினேஷ். "இந்த விடை எனக்கும் உனக்கும், போன வருஷமே இத சரி பாத்துக் குடுத்த பழைய கமிட்டிக்கும்தான் தெரியும். பழைய ஆளு எவனோ வெளாட்றான். நாம குமுதான்னு மேடையில கூப்புடணும், சிரிக்கணும், அதான் பிளானு."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பொறுப்புக் கொடுத்த அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். ஹாஸ்டலில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார்.

"நான் இல்லடி. சத்தியமா இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லவும் இல்ல." பிறகு, "பச்ச சுடிதாரா?" என்றார்.

"ஆமா. ஏன்க்கா?"

"ஒண்ணும் இல்ல. நம்பர அடிச்சுடு. ரூல்ல அப்டித்தான் கீது. அடிச்சுட்டு அந்தப் பக்கமே போவாத." வைத்துவிட்டார். ஏன் நிறத்தைக் கேட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்றே கால். பத்தொன்பது என்பது ஐந்தாம் இடம். அடித்தால் ஒன்பதாவது பிள்ளை எட்டாவதாக ஏறும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அடிக்காவிட்டால் மைக்கில் குமுதா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் என்ன ஆகும்? யாரும் வராவிட்டால் போட்டியே கேலிக்கூத்து. அதைவிட, யாராவது வந்துவிட்டால்? அந்த நினைப்புதான் எனக்குத் தாங்கவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பச்சைச் சுடிதார் எழுந்து நடந்து வந்து மேடையில் என் பக்கத்தில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வராந்தாவில் சார் பேப்பரைத் தாழ்த்தி, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார்," என்றேன். சிவப்புப் பேனாவால் 180ஐ அடித்து, பக்கத்தில் 'விதிப்படி நீக்கம்' என்று எழுதினேன். அழகான கையெழுத்தில்.

இரண்டு மணிக்கு வெயில் வந்துவிட்டது. மேடையில் எட்டு நாற்காலி. பெயர்களை நான்தான் வாசித்தேன். எட்டாவது பெயரைச் சொல்லி முடித்ததும் கூட்டம் கை தட்டியது. ஜாஸ்மின் மேடை ஓரத்தில் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா. பின்னாடி கதவு. அது நிக்குது."

நிமிர்ந்து பார்த்தேன். ஹாலின் பின்கதவில் வெளிச்சம் கண்ணைக் கூசியது. நடுவில் ஏதோ ஒரு உருவம் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கை தட்டியவர்கள் எழுந்து மறைத்தார்கள். உட்கார்ந்ததும் கதவு காலியாக இருந்தது. மேடையிலிருந்து அந்தக் கதவு எவ்வளவு தூரம்? முப்பது அடி எடுத்து வைத்தால் போய்விடலாம். நான் போகவில்லை. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கிறது, நடுவில் இறங்கிப் போக முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் உண்மை.

நான்கு மணிக்கு எல்லோரும் போன பிறகு, அறைகளைப் பூட்டப் போனேன். ஆறாவது அறைக்குள் கடைசி வரிசை வரை நடக்க எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நாற்காலி மற்ற நாற்காலிகளைப் போலத்தான் இருந்தது. கீழே பார்த்தேன். தரையில் பென்சில் சீவல் கிடந்தது. சுருள் சுருளாக, நிறைய. கட்டத்தைக் கறுப்பாக்கிக் கறுப்பாக்கி முனை மழுங்க, மழுங்க, பிளேடால் சீவியிருக்கிறாள். பேய் பென்சில் சீவாது. அங்கே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஹாலில் யாருக்கும் வராத கணக்கைப் போட்டுவிட்டு, மதியம் வரை நின்று எட்டுப் பெயரையும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது.

அன்றே சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். வந்த பள்ளிகளுக்கெல்லாம் போன் செய்து கேட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. எட்டுப் பேருக்கும் முகாம் கடிதம் கொடுத்தாகிவிட்டது, ஒருத்தரிடமிருந்து எப்படிப் பிடுங்குவது என்று காரணம் தேடிக்கொண்டேன். என் வேலையில் தப்பு என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கமும் இருந்தது. வெட்கம்தான் பெரிய பங்கு. பொங்கல் வந்தது. முகாம் நடந்தது, முடிந்தது. அந்த நாட்களில் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஷிப்ட் முடிந்து இறங்கும் கூட்டத்தில் பச்சைச் சுடிதார் ஒவ்வொன்றுக்கும் என் நெஞ்சு ஒரு தரம் நின்று ஓடும். ஒரு நாள் கட்டத்தாள் வாங்கப் போன கடையில், கடைக்காரர் உள்ளே பார்த்து, "குமுதா, ரெண்டு நோட்டு எடு" என்றார். யார் எடுத்து வந்தார்கள் என்று பார்க்காமலே காசை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தம்பி தங்கைகளே, சோதனைத் தாளில் ஒரு குற்றமும் இல்லை. கம்பெனியில் இன்றும் நாங்கள் செய்கிறோம். ஆனால் கெட்ட பாகத்தை யாரும் நாற்காலியில் உட்கார வைப்பதில்லை. காலி நாற்காலி ஒன்றை வைத்து, பெயரும் ஒட்டி, மூன்று தரம் கூப்பிட்டால், வெளியே இடம் கிடைக்காமல் நிற்கிறவர்களில் யாராவது உள்ளே வந்துவிடுவார்கள். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கு ஐந்து பேர்தான் என்று எல்லை போட்டவர்களும் நாங்கள்தான், ஆறாவது பிள்ளை எங்கே போகும் என்று யோசிக்காதவர்களும் நாங்கள்தான். உங்களுக்கு ஒன்றே ஒன்று. புரியாத ஒரு தாள் கையில் வந்தால், விதியை எடுப்பதற்கு முன்னால் எழுந்து போய் ஆளைப் பாருங்கள். பயமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஜாஸ்மின் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, குமுதாவப் பாத்தேன்."

"எங்க?"

"சர்ச்சுக்குப் பின்னாடி புதுசா கட்றாங்களே ஒரு வூடு. அதுக்குள்ள. டைல்ஸ் தூக்கிகினு கீது."

இரண்டு பேரும் போனோம். காலை பத்து மணிதான், ஆனாலும் கதவு மாட்டாத அந்த வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கு முன்னால் போனது. பின்பக்கம் எங்கேயோ டைல் வெட்டும் இயந்திரம் அலறி நின்றது. வெள்ளைத் தூசி மூட்டமாக வந்தது. அன்று காலைப் பனியைப் போலவே இருந்தது, அதற்குள்ளிருந்துதான் அவள் வந்தாள். தலையெல்லாம் தூசி, புருவம் கூட வெள்ளை. பச்சைச் சுடிதார். ஜாஸ்மின் என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

அவள் ஜாஸ்மினைப் பார்த்ததும் கையிலிருந்த டைல்களைக் கீழே வைத்துவிட்டாள். ஓடப் போகிறாள் என்று தோன்றியது.

"பயப்படாத. உன் பேர் என்ன?" என்றேன்.

"சங்கீதா."

ஒன்பதாவது படிக்கிறாள். அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு உதவியாக வருவாளாம். பள்ளியில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தபோது இவள் ஆறாவது. யாராவது வராவிட்டால் நீ உட்காரலாம் என்று டீச்சர் கூட்டி வந்திருக்கிறார். ஐந்து பேரும் வந்துவிட்டார்கள்.

"சும்மா வராண்டாவுல நின்னுகினு இருந்தேன். இந்தக்கா மூணு வாட்டி கூப்ட்டாங்க, யாரும் வர்ல. ஒரு சேரு காலியா இருந்துச்சு. நீதான் குமுதாவான்னு கேட்டாங்க." தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமான்னு தலையாட்டிட்டேன். தப்புதான்க்கா."

"கடைசிக் கணக்கு எப்படிப் போட்ட?"

கார் நிறுத்தும் இடத்துத் தரையைக் காட்டினாள். சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பதித்திருந்தது. "எதிர் மூல ரெண்டும் ஒரே கலருக்கா. அத எடுத்துட்டா ஒரு கலரு மிச்சம் நிக்கும். அப்பா வேலையில பாத்துகினே இருப்பேன்."

நீ எடுத்தது பத்தொன்பது, ஐந்தாம் இடம், உன்னை மேடைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, அந்தக் குமுதா வந்து கேட்டாங்களா? பஸ்ஸு கெடைக்காம லேட்டாயிருக்கும். அவங்க எடத்துல நான் உக்காந்துட்டேன். தெனமும் நெனப்பேன். சண்ட போட்டாங்களா?"

இத்தனை நாள் நான் அவளுக்குப் பயந்துகொண்டிருந்தேன். அவள் குமுதாவுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"குமுதான்னு யாரும் இல்ல," என்றேன். "நாங்க சும்மா வெச்ச பேரு. திருத்தறவங்களச் சோதிக்க. அந்த சேர் யாருக்கும் கிடையாது. நீ அஞ்சாவதா வந்திருந்த, கூப்புடல. முகாமும் முடிஞ்சுடுச்சு."

புருவத்துத் தூசியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அதுல நான்தானே உக்காந்தேன்? அது என் சேருதானே?"

"உன் சேர்தான்."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா," என்று சொல்லிவிட்டு, குனிந்து டைல்களை எடுத்துக்கொண்டு அப்பா கூப்பிட்ட பக்கம் போனாள்.